ஊர்விட்டு ஊர் போகும் வால்மீன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூலையில் 3ஐ/அட்லஸ் என்ற வால்மீன் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்திருக்கிறது என்ற செய்தி வந்ததிலிருந்து, வானியலில் ஆர்வம் இருப்பதாகத் தெரிந்த யாரையும் மக்கள் சும்மா விடவில்லை. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஒரு விண்மீனைச் சுற்றிய வால்மீன் இன்னொரு விண்மீனிடம் போக முடியுமா?

முடியும். முன்பு இது காகிதத்தில் போட்ட கணக்கு; இப்போது தொலைநோக்கியில் பார்த்தே ஆகிவிட்டது. 2017இல் ஓமுவாமுவா, 2019இல் போரிசோவ், 2025இல் 3ஐ/அட்லஸ். மூன்றும் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தன. சூரியனை ஒருமுறை வளைந்தன. திரும்பி வராத பாதையில் போய்க்கொண்டிருக்கின்றன. பின்னிரண்டும் சந்தேகமில்லாத வால்மீன்கள். முதலாவது பற்றி இன்னும் வழக்கு ஓயவில்லை.

ஆனால் "போகிறது" என்று சொல்லும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறுகிறவருக்கு இறங்கும் இடம் ஒன்று உண்டு. இந்த வால்மீன்களுக்கு அது இல்லை. பிறந்த வீட்டிலிருந்து வீசி எறியப்பட்டவை இவை. வழியில் ஒரு விண்மீன் எதிர்ப்பட்டால் எதிர்ப்பட்டது. இல்லாவிட்டால் இருட்டிலேயே கோடிக்கணக்கான ஆண்டுகள். நம் சூரியன் அவற்றின் வழியில் தற்செயலாகக் குறுக்கிட்ட ஒன்று, அவ்வளவுதான்.

வீசி எறிந்தது யார்?

பெரும்பாலும் பெரிய கோள்கள். நம் வீட்டில் அந்த வேலையைச் செய்வது வியாழன்.

கவணில் கல்லை வைத்துச் சுழற்றி விட்டால், கை வீச்சின் வேகத்தைக் கல் எடுத்துக்கொண்டு போகும். சூரியனை விநாடிக்கு 13 கி.மீ. வேகத்தில் சுற்றும் வியாழனுக்கு அருகில் ஒரு வால்மீன் வந்தாலும் அப்படித்தான். சரியான பக்கத்தில் கடந்தால் வியாழனின் வேகத்தில் ஒரு துளியைத் திருடிக்கொண்டு போகும். வியாழனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. வால்மீனுக்கோ அது வீட்டைவிட்டே வெளியேறப் போதுமான வேகம்.

இதற்குக் கையில் இருக்கும் நல்ல சாட்சி பொவெல் வால்மீன். சி/1980 இ1 என்பது அதன் பதிவுப் பெயர். பல லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிவந்த அது, 1980 டிசம்பரில் வியாழனை நெருங்கிக் கடந்தது. அந்த ஒரு சந்திப்போடு அதன் பாதை திறந்துகொண்டது. இனி அது சூரியனிடம் திரும்பாது. வேறு ஏதோ ஒரு விண்மீனின் வானில் ஒருநாள் அதுவும் "வெளியூர்க்காரர்" ஆகலாம்.

கோள்கள் உருவான காலத்தில் இந்த எறிதல் சில்லறை வியாபாரமாக நடக்கவில்லை, மொத்த வியாபாரம்தான். வியாழனும் சனியும் வளர்ந்தபோது சுற்றியிருந்த பனிக்கட்டிகளைக் கணக்கில்லாமல் சிதறடித்தன. ஒரு பகுதி சூரியனின் பிடி தளரும் எல்லையில் தங்கிப்போனது. அந்த உறையைத்தான் ஊர்ட் மேகம் என்கிறோம். இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1950இல் சொன்னவர் நெதர்லாந்தின் யான் ஊர்ட். கணினிக் கணக்குகளின்படி, தங்கியதைவிட அடியோடு வெளியேறியதே அதிகம். ஒவ்வொரு விண்மீனும் பிறந்தபோது இப்படித் தன் பங்கை வெளியே கொட்டியிருந்தால், விண்மீன்களுக்கு நடுவே உள்ள வெளி வெறும் வெளியாக இருக்க வாய்ப்பில்லை.

வேறு வழிகளும் உண்டு. பக்கத்தில் கடந்துபோகும் விண்மீன் ஊர்ட் மேகத்தைக் கலைத்துவிடலாம். ஷோல்ஸ் விண்மீன் என்ற சின்னஞ்சிறு சிவப்பு விண்மீன் சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன் நம்மிடமிருந்து ஏறத்தாழ ஓர் ஒளியாண்டு தூரத்தில் (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்) கடந்து போயிருக்கிறது. சூரியனே வயதாகி, வெண்குறுமீன் என்ற எரிந்து முடிந்த சிறு விண்மீனாகச் சுருங்கும்போது தன் எடையில் ஏறத்தாழ பாதியை இழக்கும். பிடி தளர்ந்ததும் எல்லையில் நிற்கும் வால்மீன்கள் பல கயிறு அறுந்த மாடுகளாகிவிடும். அதற்கு இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது.

ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு காலம் ஆகும்?

தூரத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சூரியனை ஒரு கொத்தமல்லி விதை அளவுக்குச் சுருக்குங்கள், 4 மி.மீ. அந்தக் கணக்கில் பூமி அதிலிருந்து அரை மீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கும். நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு தள்ளி இருப்பது, சுமார் 115 கி.மீ. தொலைவில் கிடக்கும். பஸ்ஸில் போனால் மூன்று மணி நேரம். நடுவில் ஒன்றுமே இல்லை. ஊர்ட் மேகத்தின் வெளி ஓரம் மட்டும் நம் விதையிலிருந்து 40 கி.மீ. வரை எட்டிப்பார்க்கும்.

இனி வேகம். விநாடிக்கு 26 கி.மீ. வேகத்தில் வந்த ஓமுவாமுவாவுக்கு ஓர் ஒளியாண்டைக் கடக்க 11,500 ஆண்டுகள் வேண்டும். பிராக்சிமா தூரம் என்றால் சுமார் 49,000 ஆண்டுகள். 58 கி.மீ. வேகத்தில் பாய்ந்த 3ஐ/அட்லஸுக்கு அதுவே 22,000 ஆண்டுகள். பொவெல் வால்மீன் சூரியனின் பிடியை விடும்போது அதன் கையில் மிஞ்சியிருப்பது விநாடிக்கு 4 கி.மீ. வேகம்தான், அதற்கு 3 லட்சம் ஆண்டுகளுக்கு மேல்.

இவை அடுத்த வீட்டுக் கணக்கு மட்டும். குறி வைத்து யாரும் எறியவில்லை என்பதால், அடுத்த வீட்டில் போய் விழும் வாய்ப்பு மிகக் குறைவு. உண்மையான பயணங்களைக் கோடி ஆண்டுகளில்தான் எண்ண வேண்டும்.

வெளியிலிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதில் பெயரா எழுதியிருக்கிறது?

வேகத்தில் எழுதியிருக்கிறது.

இருப்புச்சட்டியின் உள்ளே ஒரு கோலிக்குண்டை விளிம்புக்குக் கீழிருந்து விட்டால், அது உருண்டு இறங்கி மறுபக்கம் ஏறும். ஆனால் விளிம்பைத் தாண்டாது, உள்ளேயே ஆடிக்கொண்டிருக்கும். சட்டிக்கு வெளியிலிருந்து வேகமாக உருட்டிவிட்ட கோலி மட்டும் இறங்கி, ஏறி, விளிம்பைத் தாண்டிப் போய்விடும். சூரிய ஈர்ப்பும் அப்படி ஒரு சட்டிதான். பூமி இருக்கும் தூரத்தில் விளிம்பைத் தாண்டத் தேவையான வேகம் விநாடிக்கு 42 கி.மீ. அதற்கும் மேல் கணிசமான வேகம் இருந்தால், அந்தக் கோலி நம் சட்டியில் பிறந்ததில்லை.

வானியலில் இதை மையப்பிறழ்ச்சி என்ற ஒரே எண்ணால் சொல்வார்கள். வட்டத்துக்கு 0. நீள்வட்டத்துக்கு 1க்குக் கீழே. 1ஐத் தாண்டினால் பாதை மூடாது. ஓமுவாமுவாவுக்கு 1.20, போரிசோவுக்கு 3.36, 3ஐ/அட்லஸுக்கு 6.1. கடைசி எண்ணைப் பார்த்தால் அந்தப் பாதையை வளைவு என்று சொல்லவே தயக்கமாக இருக்கும், ஏறக்குறைய நேர்கோடு.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1ஐச் சற்றே தாண்டிய எல்லாம் வெளியூர் இல்லை. ஊர்ட் மேகத்திலிருந்து வரும் நம்மூர் வால்மீன்கள் சில, கோள்களின் இழுப்பால் 1.001, 1.002 என்று காட்டும். பொவெல் வால்மீனுக்கு 1.057. அதனால் கோள்களைச் சந்திப்பதற்கு முன் அதன் பாதை எப்படி இருந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்ட பிறகுதான் தீர்ப்பு.

ஓமுவாமுவா வால்மீனா, சிறுகோளா?

2017 அக்டோபர் 19 அன்று ஹவாயில் மாவி தீவின் ஹலேயாகலா மலையில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கிப் படங்களில் இதைக் கவனித்தவர் ராபர்ட் வெரிக். அப்போது அது சூரியனைக் கடந்து 40 நாள் ஆகியிருந்தது. விருந்தாளி வாசலைத் தாண்டிப் போகும்போது முதுகைப் பார்த்தோம். சில வாரங்களில் பெரிய தொலைநோக்கிகளுக்கும் எட்டாத அளவுக்கு மங்கிவிட்டது.

முதலில் வால்மீன் என்று பதிவு செய்தார்கள். வாலும் இல்லை, தலையைச் சுற்றிய புகைமூட்டமும் இல்லை என்றதும் சிறுகோள் என்று மாற்றினார்கள். கடைசியில் அதற்காகவே ஒரு புது வகுப்பைத் தொடங்கி '1ஐ' என்று பெயர் வைத்தார்கள் ('ஐ' என்பது விண்மீன்களுக்கு இடையிலானது என்று பொருள்படும் interstellar என்ற சொல்லின் முதலெழுத்து). மூன்று மாதத்துக்குள் மூன்று அடையாள அட்டை!

சிக்கல் அங்கே முடியவில்லை. சூரிய ஈர்ப்பு அனுமதிப்பதைவிடச் சற்று அதிக வேகத்தில் அது விலகிப் போனதை 2018இல் அளந்து சொன்னார்கள். வால்மீன்களில் இது சகஜம். ஆவியாகும் பனி ராக்கெட் போலத் தள்ளும். ஆனால் இங்கே ஆவியே தெரியவில்லை. நைட்ரஜன் பனிக்கோள் ஒன்றிலிருந்து உடைந்த சில்லு என்றது ஒரு விளக்கம். நீர்ப்பனியில் கதிர்வீச்சால் உண்டாகிச் சிறைப்பட்டிருந்த ஹைட்ரஜன், சூரியச் சூட்டில் கசிந்து தள்ளியது என்று 2023இல் இன்னொரு விளக்கம் வந்தது. எனக்கு இரண்டாவதே இயல்பாகப் படுகிறது. விசித்திரமான பொருள் எதையும் அதற்குக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பொருள் போய்விட்டது, வழக்கு நிற்கிறது.

போரிசோவைப் பற்றி யாரும் பேசுவதே இல்லையே?

அதுதான் எனக்கும் வருத்தம். மூன்றில் இதுவே மிக அழகான கதை. 2019 ஆகஸ்ட் 30 விடியலுக்கு முன், கிரிமியாவில் கென்னாடி போரிசோவ் என்ற பொழுதுபோக்கு வானியலாளர், தானே கட்டிய 65 செ.மீ. தொலைநோக்கியில் அதைப் பிடித்தார். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய ஆய்வகங்கள் எல்லாம் அன்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

இது வாலோடு வந்தது. சூரியனை நெருங்குவதற்கு மூன்று மாதம் முன்பே கண்டுபிடித்ததால் ஆற அமரப் பார்க்க முடிந்தது. லடாக்கின் ஹன்லேயில் உள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கியும் ராஜஸ்தானின் மவுண்ட் அபு தொலைநோக்கியும்கூட இதைக் கவனித்தன. நிறமாலையில் சயனோஜன் போன்ற பழகிய வாயுக்கள் தெரிந்தன. பார்வைக்கு நம்மூர் வால்மீன் மாதிரியே இருந்தது. ஒரு வேறுபாடு: கார்பன் மோனாக்சைடு மிக அதிகம். அந்தப் பனி மிக மிகக் குளிர்ந்த இடத்தில்தான் உறையும். ஆகவே தன் தாய் விண்மீனிலிருந்து வெகு தொலைவில், குளிர்ந்த ஓரத்தில் அது பிறந்திருக்க வேண்டும். வேறொரு குடும்பத்தின் கொல்லைப்புறம் எப்படியிருந்தது என்று நமக்குத் தெரியவந்தது அப்போதுதான்.

3ஐ/அட்லஸில் என்ன விசேஷம்?

2025 ஜூலை 1 அன்று சிலியின் ரியோ உர்த்தாடோவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டது. பூமியை நோக்கி வரும் ஆபத்தான சிறுகோள்களைத் தேடுவதற்கென்று வைத்த கண்காணிப்பு அது; வெளியூர் வால்மீன் அதில் தற்செயலாக மாட்டியது.

மூவரில் மிக வேகமானது இதுதான். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஆகஸ்டில் பார்த்தபோது, சுற்றியிருந்த வாயுவில் நீராவியைப்போல் சுமார் எட்டு மடங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. நம் வால்மீன்களில் இவ்வளவு பார்ப்பது மிக அரிது. ஹபிள் தொலைநோக்கி எடுத்த படத்திலிருந்து, அதன் நடுவே உள்ள கெட்டியான உட்கருவின் விட்டம் 5.6 கி.மீ.க்கு மேல் போகாது என்று மதிப்பிட்டார்கள்.

2025 அக்டோபர் கடைசியில் சூரியனை மிக நெருங்கியபோது, பூமிக்கு நேர் எதிர்ப்பக்கம் சூரியனுக்குப் பின்னால் மறைந்துகொண்டது. நல்லவேளையாக, அந்த மாதத் தொடக்கத்தில் செவ்வாய்க்கு 3 கோடி கி.மீ. அருகில் கடந்தது. செவ்வாயைச் சுற்றும் கலங்கள் தலையைத் திருப்பிப் படம் எடுத்தன.

இதன் பாதையை வைத்து, பால்வீதியின் தட்டில் பழைய விண்மீன்கள் மேலும் கீழும் அலையும் தடித்த பகுதியிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு கணிப்பு உண்டு. அது சரியென்றால் இதன் வயது 700 கோடி ஆண்டுகளுக்கு மேலாகலாம். நம் சூரியனுக்கு 460 கோடிதான்.

அது வேற்றுலகக் கலம் என்கிறார்களே?

ஹார்வர்டின் ஆவி லோப் ஓமுவாமுவாவுக்கும் சொன்னார், இதற்கும் சொன்னார். கேள்வி கேட்பது தப்பில்லை. ஆனால் 3ஐ/அட்லஸ் வாயு விட்டது, தூசி விட்டது, வால் வளர்த்தது. ஒரு வால்மீன் செய்யும் எல்லா வேலையையும் செய்தது. 2025 நவம்பர் 19 அன்று நாசா செய்தியாளர்களைக் கூட்டி, இது வால்மீன்தான் என்று சொல்லிவிட்டது. யூடியூப் முகப்புப் படங்கள் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

எந்த விண்மீனிலிருந்து வந்தன?

சொல்ல முடியாது. ஓமுவாமுவா வந்த திசை லைரா மண்டலம், வேகா விண்மீனுக்குப் பக்கம். உடனே "வேகாவிலிருந்து வந்தது" என்று எழுதினார்கள். வேகா தூரத்தை அது கடக்க 3 லட்சம் ஆண்டு ஆகியிருக்கும். 3 லட்சம் ஆண்டுக்கு முன் வேகா அந்த இடத்தில் இல்லவே இல்லை. எல்லா விண்மீன்களும் பால்வீதியில் நகர்ந்துகொண்டிருக்கின்றன. எறிந்தவரும் நகர்ந்துவிட்டார், எறிந்த கல்லும் வழியில் பலமுறை திசை மாறியிருக்கும். மிகவும் பின்னோக்கிப் போனால் சுவடு அழிந்துவிடுகிறது.

அத்தனை காலம் பனி உருகாமல் இருக்குமா?

உருகுவதற்குச் சூடு வேண்டுமே! விண்மீன்களுக்கு நடுவே வெப்பநிலை மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதைவிட நல்ல குளிர்பெட்டி கிடையாது. கெடுப்பது, விண்வெளியில் பாயும் அதிவேகத் துகள்களான அண்டக்கதிர்கள்தான். மேல்தோலில் சில மீட்டர் ஆழத்துக்கு வேதியியலை மெல்ல மாற்றி, ஒரு கருகிய ஓடு போல ஆக்கிவிடும். அதனால் நாம் பார்க்கும் வாயு பிறந்தபோது இருந்த சரக்கா, வழியில் வெந்த தோலா என்பது 3ஐ/அட்லஸ் விஷயத்தில் இப்போது நடக்கும் நல்ல சண்டை.

இங்கேயே தங்கிவிட முடியாதா?

முடியும், ஆனால் மிகக் கடினம். உள்ளே வரும்போது பெற்ற வேகத்தை வெளியே போகும்போது திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொண்டுவந்த வேகம் கையில் அப்படியே மிஞ்சும். அதைப் பறிக்க வியாழன் மாதிரி மூன்றாவது ஆள் வேண்டும். மெதுவாக வருகிறவரை வியாழன் மடக்கலாம். விநாடிக்கு 58 கி.மீ. வேகத்தில் வருகிறவரை மடக்க அதனாலும் ஆகாது.

ஆனால் சூரியன் பிறந்த காலத்தில் நிலைமை வேறு. அது தனியாகப் பிறக்கவில்லை. நெருக்கமான ஒரு விண்மீன் கூட்டத்தில் பிறந்தது. உடன்பிறந்தவை அருகருகே மெதுவாக நகர்ந்தன. அப்போது ஒருவர் எறிந்ததை இன்னொருவர் எளிதாகப் பிடித்திருக்க முடியும். நம் ஊர்ட் மேகத்தின் பெரும்பகுதியே இப்படிப் பிற விண்மீன்களிடமிருந்து வந்ததாக இருக்கலாம் என்று 2010இல் ஹெரால்ட் லெவிசனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு கணக்கை முன்வைத்தார்கள். நம்மூர் என்று நினைத்து நாம் பார்த்த வால்மீன்களில் எத்தனை பேர் தத்துப்பிள்ளைகளோ.

மெக்ஹோல்ஸ் 96பி என்ற வால்மீன் மீது இந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு. அதில் சயனோஜன் மற்ற வால்மீன்களைவிடப் பல மடங்கு குறைவு. நிரூபணம் இல்லை, சந்தேகம் மட்டும்.

ஹாலி வால்மீன் வெளியிலிருந்து வந்ததா?

இல்லை. ஏறத்தாழ 76 ஆண்டுக்கு ஒருமுறை வரும் நம் குடும்பத்து ஆள். அடுத்து 2061இல் பார்க்கலாம்.

மற்ற விண்மீன்களைச் சுற்றி வால்மீன்கள் இருப்பது தெரியுமா?

தெரியும். 63 ஒளியாண்டு தொலைவில் உள்ள பீட்டா பிக்டோரிஸ் என்ற இளம் விண்மீனின் ஒளியில், அடிக்கடி தோன்றி மறையும் மெல்லிய நிழல்கோடுகளை 1980களிலேயே கண்டார்கள். விண்மீனுக்கு முன்னால் வால்மீன்கள் கடக்கும்போது விடும் வாயு அது. பின்னர் டெஸ் விண்கலம், அவற்றின் தூசி வால் விண்மீனின் வெளிச்சத்தை மறைப்பதையே பதிவு செய்தது. எறிகிறவர்களும் இருக்கிறார்கள், எறிபடுகிறவையும் இருக்கின்றன.

பூமிமேல் மோதினால்?

மூன்றில் எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை. 3ஐ/அட்லஸ் மிக நெருங்கியபோதே 27 கோடி கி.மீ. தள்ளி இருந்தது. நம்மூர்ச் சிறுகோள்களைப் பற்றிக் கவலைப்படுங்கள். எண்ணிக்கையில் அவைதான் அதிகம்.

ஆனால் பிற விண்மீன்களின் துகள் பூமியில் ஏற்கெனவே கிடக்கிறது. 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லுக்குள் சிலிக்கான் கார்பைடு மணிகள் இருந்தன. சூரியனுக்கு முன்பே வேறு விண்மீன்கள் கக்கியவை. அவற்றில் சில 700 கோடி ஆண்டுப் பழமையானவை என்று 2020இல் கணித்தார்கள்.

உயிரையும் இப்படிச் சுமந்து வர முடியுமா?

வானியலாளர்கள் பிரெட் ஹாயிலும் கொழும்பில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்கவும் பல ஆண்டுகள் இதைத்தான் வாதிட்டார்கள். பெரும்பாலான அறிவியலாளர்கள் ஏற்கவில்லை. உயிரின் மூலப்பொருள் வேறு, உயிர் வேறு. 67பி வால்மீனில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருப்பதை ரொசெட்டா கலம் காட்டியது. செங்கல் இருக்கிறது என்பதால் வீடு இருக்கிறது என்று ஆகாது. கோடிக்கணக்கான ஆண்டு அண்டக்கதிரில் வறுபட்டு, பிறகு ஒரு கோளில் சரியாகப் போய் விழுவது வேறு இருக்கிறது.

வெறும் கண்ணால் பார்க்கலாமா?

இதுவரை வந்த மூன்றையும் முடியவில்லை. 3ஐ/அட்லஸ் மட்டும் ஓரளவு நல்ல தொலைநோக்கி வைத்திருந்த ஆர்வலர்களுக்கு ஒரு மங்கலான திட்டாகத் தெரிந்தது. புகைக்கொடி என்று நம் முன்னோர் பெயரிட்டு அஞ்சிய அளவுக்கு ஒன்று வெளியூரிலிருந்து வந்தால், அன்றைக்கு நானும் மொட்டைமாடியில்தான் இருப்பேன்.

அடுத்தது எப்போது?

பலர் நினைப்பதைவிடச் சீக்கிரம். சிறிய பொருள்கள் எப்போதும் கடந்துகொண்டேதான் இருக்கின்றன என்பது மதிப்பீடு. நமக்குத்தான் கண் போதவில்லை. சிலியில் 8.4 மீட்டர் கண்ணாடியோடு எழுந்திருக்கும் வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. சில இரவுகளுக்கு ஒருமுறை தென்வானம் முழுவதையும் அது படம் பிடிக்கும். விருந்தாளியை வாசலிலேயே பார்த்துவிட அதுதான் வழி.

பார்த்தபின் ஓடிப் பிடிக்க முடியுமா என்றால், பின்னால் ஓடிப் பயனில்லை. விநாடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போகும் வாயேஜர் 1 கலத்தைவிட இவை எல்லாமே வேகமானவை. அதனால் ஐரோப்பிய விண்வெளி முகமை வேறு மாதிரி யோசித்திருக்கிறது. 'காமெட் இன்டர்செப்டர்' என்ற கலத்தை, ஜப்பானோடு சேர்ந்து, 2029 வாக்கில் ஏவத் திட்டம். எந்த வால்மீனைப் பார்க்கப் போகிறது என்பது ஏவும்போது முடிவாகியிருக்காது. பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி நின்று காத்திருக்கும். புதிதாக ஒன்று வருகிறது என்று தகவல் வந்ததும் கிளம்பும். முதல் குறி ஊர்ட் மேகத்திலிருந்து முதன்முறையாக உள்ளே வரும் நம்மூர் வால்மீன்தான். அந்த நேரம் பார்த்து எட்டும் தூரத்தில் ஒரு வெளியூர்க்காரர் வந்தால், அவரைப் பார்க்கப் போகும்.